எந்தப் பிள்ளை வாசிப்பில் திணறும்?

ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் யார் மூன்றாம் வகுப்பிலும் வாசிக்கத் திணறுவார் என்று முன்பே சொல்ல முடியுமா? கடலூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்திவிட்டு இப்போது செம்மண்டலத்தில் ஓய்வாக இருக்கும் எனக்கு, முடியும் என்றே தோன்றுகிறது. ஆனால் நாம் பார்க்கும் இடம்தான் சரியில்லை. பிள்ளை 'அ, ஆ' ஒப்பிக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

ஆங்கிலம், ஸ்பானிஷ், செக், ஸ்லோவாக் பேசும் பிள்ளைகளை ஆரம்பத்திலிருந்தே கவனித்துச் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. எழுத்தின் ஒலி தெரிவது, சொல்லில் உள்ள ஒலிகளைக் காதால் பிரிப்பது, வரிசையாக உள்ள படங்களின் பெயரைத் தயங்காமல் மளமளவென்று சொல்வது, இந்த மூன்றும் நான்கு மொழியிலும் பின்னால் வரும் வாசிப்பைக் காட்டிக்கொடுத்தன. ஸ்பானிஷில் 27 எழுத்துதான். பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம்.

நமக்கோ 247. கன்னடப் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நம் போன்ற எழுத்துமுறையில் எழுத்து கற்பதே பல வகுப்புகள் வரை நீளும் என்றது. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. து, நு, மூ எல்லாம் ஒவ்வொரு விதம். 1978இல் தும்பிக்கை போட்ட 'லை' மாறியபோது பெரியவர்களுக்கே கொஞ்ச நாள் கண் தடுமாறியது நினைவிருக்கும்.

வகுப்பில் நான் நம்பிய அடையாளம் ஒன்று உண்டு. 'கே'யைத் தனியாகக் காட்டினால் சில பிள்ளைகள் 'க, கா, கி, கீ' என்று முதலிலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்துதான் 'கே'யைப் பிடிப்பார்கள். இரண்டாம் வகுப்பு பாதியிலும் அப்படியென்றால், சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். பிறகு பொருள் எங்கே புரியும்?

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. நிலையறிந்து சொல்லித்தருவது நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் தான் அரும்பு என்பது பிள்ளைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும். அந்தக் கணிப்பு ஆசிரியரின் நோட்டில் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை அதைத் திருத்தவும் வேண்டும்.

பேரப்பிள்ளை வந்தால் பேப்பர் தலைப்பில் நாலு உயிர்மெய் எழுத்தைக் கலைத்துக் கேட்டுப் பாருங்கள். வரிசை ஒப்பித்துத்தான் பிடிக்கிறது என்றால் திட்ட வேண்டாம். ஆசிரியரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், ஆண்டுத் தேர்வு வரட்டும் என்று இருக்காதீர்கள்.