அத்தை என்னிடம் சொன்னது

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் அத்தை அதைச் சொன்னார். தெருக்கோடிப் பெரியவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். "மூக்கிலே ஒரு குழாய், தொண்டையிலே ஒரு குழாய். எனக்கு இந்தக் கோலம் வேணாம்மா. தேறுவேன்னா பாருங்க. இல்லேன்னா வீட்டுக்குக் கொண்டாந்து வாயிலே பால் ஊத்துங்க" என்றார். "சரி அத்தை" என்று கீரையைக் கழுவப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, 2019-ல், அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. நினைவே திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, இனித் தேற வழியில்லை, செயற்கை சுவாசத்தைத் தொடர்வதா வேண்டாமா, குடும்பத்தில் பேசிச் சொல்லுங்கள் என்றார். மூத்த மைத்துனர், கடைசி வரை பார்த்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நான் மெள்ள, கீரை ஆய்ந்த அன்று அத்தை சொன்னதைச் சொன்னேன்.

"செலவுக்குப் பயந்து பேசுறே நீ" என்றார் நாத்தனார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பெற்ற பெண்ணின் வாயை மருமகள் எப்படி அடைப்பது? என்னைப் பெற்றவளாக இருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேனோ என்னவோ. இன்னும் பதினெட்டு நாள் அத்தை அந்தக் குழாய்களோடுதான் கிடந்தார். உயிர் பிரிந்தபோது பக்கத்தில் நாங்கள் ஒருவரும் இல்லை.

அத்தை சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கலாமே என்று பிற்பாடுதான் உறைத்தது. இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பது செல்லும் என்று 2018 மார்ச்சிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தெல்லாம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த புத்தியோடு இருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் ஆபீசரிடமோ சான்று வாங்க வேண்டும். நமக்குப் பதில் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதலாம். மனசு மாறினால் ரத்தும் செய்யலாம்.

உடனே பயந்துவிடாதீர்கள் சகோதரிகளே! சாதாரண ஜுரத்துக்கு நம்மைக் கைவிட்டுவிட மாட்டார்கள். பிழைக்க வழியே இல்லாத நோய் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்ப வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுக்கிற சமாசாரமும் இல்லை. வலி தெரியாமல் வைத்திருக்கும் மருந்தும் பராமரிப்பும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

போன மாதம் எனக்கு எழுதிக்கொண்டேன். பையன், "நல்ல நாளும் அதுவுமா என்னம்மா இது!" என்று எழுந்து போய்விட்டான். அவன் பெயரோடு நாத்தனார் பெயரையும் சேர்த்திருந்தேன். காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணி இரண்டு தடவை படித்தார்.

"அன்னிக்கு அம்மா நிஜமாவே சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"கீரை ஆயும்போது சொன்னாங்க அண்ணி" என்றேன்.