பல்லும் பாறையும்

சுறாவுக்கு எலும்பு இல்லை. அதன் உடற்சட்டகம் குருத்தெலும்பால் ஆனது. உயிர் நீங்கியபின் பெரும்பாலும் சிதைந்து மறைந்துவிடும். எஞ்சுவது பல்லே. ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய பல் முன்னே வந்து நிற்கிறது. அழிந்துபோன சுறாக்களைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு, கடலடிச் சேற்றில் புதைந்து கல்லாகிய இப்பற்கள் தந்த கொடையாகும்.

ஐரோப்பியர் ஒரு காலத்தில் இவற்றைக் கல்லாய்ச் சமைந்த பாம்பு நாக்குகள் என்று நம்பினர். 1666ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்த நிக்கோலசு ஸ்டெனோ, அவை சுறாப்பற்களே என்று எடுத்துரைத்தார்.

எந்தச் சுறாவின் பல் என்பதே அடுத்த வினா. முனை அகன்றதா, ஊசிபோல் ஒடுங்கியதா. விளிம்பு அரம்போல் பற்களுடையதா, மழமழப்பானதா. பக்கங்களில் சிறுமுனைகள் உண்டா. வேர் எவ்வாறு கவைத்திருக்கிறது என்றெல்லாம் நோக்கி அறிஞர் இனம் பிரிக்கின்றனர். ஆயினும், ஒரே சுறாவின் வாயில் எல்லாப் பற்களும் ஒத்திருப்பதில்லை. பல சுறாக்களுக்கு மேல்தாடைப் பல் அகன்றும் கீழ்த்தாடைப் பல் ஒடுங்கியும் இருக்கும். முன்பல் நிமிர்ந்து நிற்க, கடைவாய்ப்பல் சாய்ந்து கிடக்கும். குட்டியின் பல் வேறு, முதிர்ந்ததன் பல் வேறு. ஒரே மீனின் பற்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் சூட்டப்பட்டதும் உண்டு. ஒற்றைப் பல்லை வைத்துப் புதிய பெயர் சூட்டுவது துணிவேயன்றி ஆராய்ச்சியாகாது.

டைக்கோடசு என்னும் சுறாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஓடுகளை நொறுக்கும், வரிவரியான மேடுகள் கொண்ட தட்டையான பற்கள் அதனுடையவை. அப்பற்கள் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும் அதன் உடல் எவ்வாறிருந்தது என்பது புலப்படவில்லை. திருக்கைகளுக்கு உறவாக இருக்கலாம் என்றும் கருதினர். மெக்சிகோவில் உடலோடு கிடைத்த படிவங்கள் 2024இல் விளக்கப்பட்டபோது, அது விரைந்து நீந்தும் உடலமைப்புடையதென்றும் வெள்ளைச் சுறா அடங்கிய வரிசையைச் சார்ந்ததென்றும் தெரிந்தது. பல் உணவைச் சொன்னது, உடலைச் சொல்லவில்லை.

பல் தனியே கிடைக்கும்போது அதற்குத் துணைநிற்பது அது கிடந்த பாறை. எந்த அடுக்கு, அவ்வடுக்கின் காலம் யாது, உடன் கிடந்த சிப்பிகளும் பிற பற்களும் எவை என்னும் குறிப்புகளே அடையாளத்தை உறுதிப்படுத்துவன. பாறையினின்று பிரித்துக் குறிப்பின்றி எடுத்துச் சென்ற பல் அழகுப்பொருளாகலாம்; சான்றாகாது.

இவ்வுண்மை தமிழ்நாட்டுக்கும் உரியது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் மேடுகள் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்படுகை. டைக்கோடசின் பற்களும் வேறு சுறாக்களின் பற்களும் அங்குக் கிடைத்துள்ளன. மழை மண்ணை அரிக்குந்தோறும் புதியன வெளிப்படுகின்றன. அவற்றைப் பொறுக்கிச் செல்வோர் தீங்கு கருதிச் செய்வதில்லை. ஆயினும் விளைவு தீங்கே. அம்மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள நெடிய கல்மரத்தை எவரும் சட்டைப்பையில் இட்டுச் செல்ல இயலாது. பல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காண்போர் அதைக் கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.