பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களாவது முழுவதும் படியுங்கள்.

"சிக்னல்ல நின்னா வண்டி உதறுது டீச்சர், ஆஃப் ஆயிடுமோன்னு பயமா இருக்கு." இந்த ஒரு புகாரை மட்டும் ஒரு வருடத்தில் நாலைந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். 2003 மாடல் மாருதி 800ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் என்னுடைய தகுதி. மயிலாப்பூரிலும் பனகல் பார்க் பக்கமும் மெட்ரோ வேலை ஆரம்பித்த பிறகு, நம் வண்டிகள் ஓடும் நேரத்தைவிட நின்ற இடத்தில் நின்று உறுமும் நேரம்தான் அதிகம். ஐடிலிங்கில் உள்ள கோளாறு இப்போது நன்றாகவே தெரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு என்று மெக்கானிக்குக்குத் தனியாகக் காசு கொடுங்கள். நாம் கொடுப்பதில்லை. டாக்டரிடம் கன்சல்டிங் ஃபீஸ் 500 ரூபாயை முணுமுணுக்காமல் நீட்டுகிறோம். மெக்கானிக் முக்கால் மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து, "ஒரு டியூப்தான் வெடிச்சிருக்கு, மாத்திட்டேன், 400 கொடுங்க" என்றால், "ஒரு டியூபுக்கா?" என்கிறோம். அவர் என்ன செய்வார்? அடுத்த முறை பார்க்கமாட்டார். மாற்றுவார். பிளக், காயில், சென்சார், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போய், எதில் உதறல் நிற்கிறதோ அதோடு நிறுத்துவார். புதுப்பேட்டை பில் கையில் இருப்பதால் நாமும் வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

என் தங்கை மகனுக்கு இதுதான் நடந்தது. அவனிடம் இருப்பதும் 800, அவன் அப்பா வாங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஐடிலிங்கை ஏற்றி வைத்து அனுப்பினார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு 11,000 ரூபாய்க்குச் சாமான் மாறியது. பிறகு, "இன்ஜினைப் பிரிக்கணும், இல்லேன்னா ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க" என்றார்கள்.

ஐடிலிங்கை ஏற்றுவதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களே சில பெற்றோர், அதே வேலைதான். முதல் பீரியடில் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது பீரியடில் என் மேஜைக்கு வரும்.

உதறல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். 800இன் இன்ஜினில் மூன்று சிலிண்டர். ஐடிலிங்கில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். அப்படியானால் சிலிண்டருக்கு 400, மூன்றுக்கும் சேர்த்து 1,200. நொடிக்கு 20 உதை. ஒரு சிலிண்டர் தூங்கிவிட்டால் நொடிக்கு ஆறேழு உதை காணாமல் போகிறது, பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்கிறார்கள். வேகமாகப் போகும்போது சுற்றும் ஃப்ளைவீலின் கனம் இதை ஓரளவு மறைத்துவிடும். நிற்கும்போது மறைக்க எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை வருகைப் பதிவு எடுப்பது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டராகக் கழற்றிப் பார்ப்பார் நல்ல மெக்கானிக். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுவது நல்லது. பிளக் வயரைப் பிடுங்கினால் பல ஆயிரம் வோல்ட் ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். எந்தச் சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் தடுமாறுகிறதோ, அந்தச் சிலிண்டர் "உள்ளேன் டீச்சர்". எதைக் கழற்றினாலும் எந்த மாற்றமும் இல்லையோ, அதுதான் ஆப்சென்ட்.

தங்கை மகன் வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக் இப்படித்தான் பார்த்தார். இரண்டாவது சிலிண்டர் ஆப்சென்ட். அதன் பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். அப்போதும் இரண்டாவதுதான் ஆப்சென்ட், ஆகவே பிளக் குற்றவாளி இல்லை. இருட்டியதும் வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காட்டினார். ஒரு வயரிலிருந்து நீலப் பொறி இன்ஜின் உடம்பில் பாய்ந்துகொண்டிருந்தது. 11,000 ரூபாய்ச் சாமானில் அந்த வயர் மட்டும் மாறவே இல்லை. புது வயர் செட் போட்டதும் உதறல் நின்றது. அவர் கேட்டது வயர் விலையும் 300 ரூபாயும். நான் 500 கொடுக்கச் சொன்னேன்.

மூன்று சிலிண்டரும் ஆஜர், ஆனாலும் உதறுகிறது என்றால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஐடிலிங்கில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அதிகம். ரப்பர் டியூபில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே போகும் மொத்தக் காற்றில் இது ஒரு துளி, உதறலும் காணாமல் போகும். "ஓடும்போது சூப்பர், நின்னா உதறுது" என்பவர்கள் முதலில் டியூப்களைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். இருபது வருடச் சென்னை வெயிலில் எந்த ரப்பர் நலமாக இருக்கும்? ஒவ்வொரு டியூபாக மடக்கிப் பிடித்தால், எதைப் பிடிக்கும்போது இன்ஜின் சீராகிறதோ அங்கேதான் ஓட்டை.

அதில் பிரேக் பூஸ்டருக்குப் போகும் டியூபை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக்கை மிதிக்கும்போது "ஸ்ஸ்" என்று சத்தம் வந்து இன்ஜின் தடுமாறினாலோ, பெடல் கல் மாதிரி கனத்தாலோ, அது வெறும் ஐடிலிங் பிரச்சினை இல்லை. அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கோட்டூர்புரம் பாலம் ஏறாதீர்கள். ஐடிலிங்கை ஏற்றி அனுப்பும் வழக்கத்தை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணமும் இதுதான்.

மற்றவை சுருக்கமாக. திராட்டில் பாடியில் கரி படிவது சாதாரணம், சுத்தம் செய்தால் போதும். இன்ஜின் சத்தம் சீராக இருந்து, சீட்டும் ஸ்டீயரிங்கும் மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். வால்வு, கம்ப்ரஷன் எல்லாம் கடைசி. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து காட்டாமல் யாராவது "இன்ஜினைப் பிரிக்கணும்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது எதற்கெடுத்தாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். சந்தேகத்தில் நியாயம் உண்டு. 20 சதவீதக் கலப்பு நம் பழைய வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கு ஆகாது, பெட்ரோலைவிட அதில் சக்தியும் குறைவு. கார்புரேட்டர் வண்டிக்குக் கலவையைத் தானாகத் திருத்திக்கொள்ளவும் தெரியாது. பழைய வண்டிக்காரர்களுக்குப் பங்கில் வேறு வழியே வைக்காதது தவறு என்பதே என் எண்ணம். ஆனால் பெட்ரோல் மூன்று சிலிண்டருக்கும் பொது. ஒன்று மட்டும் ஆப்சென்ட் ஆனால் பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை.

"ஸ்கேனர் இருக்கே டீச்சர்" என்பீர்கள். புது வண்டியில் பி0302 என்று கோடு வரும். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? அதை ஸ்கேனர் சொல்லாது. யார் ஆப்சென்ட் என்று அட்டெண்டன்ஸ் சொல்லும், பிள்ளைக்கு அம்மையா, அப்பாவோடு ஊருக்குப் போயிருக்கிறதா என்று விசாரித்தால்தான் தெரியும்.

புகைச் சான்றிதழுக்குப் பெட்ரோல் வண்டியைப் பரிசோதிப்பதும் ஐடிலிங்கில்தான். அது சரியில்லையென்றால் அங்கேயும் மாட்டிக்கொள்வீர்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அவ்வளவு கட்டி வைத்துக்கொள்ளும் வண்டியை 300 ரூபாய்க் கூலிக்குப் பார்த்துக் காயலான்கடைக்கு அனுப்ப வேண்டுமா?

நீங்களே பானெட்டைத் திறந்து பார்ப்பதானால் திறந்த வெளியில் பாருங்கள், பார்க்கிங்கின் மூடிய மூலையில் வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும், முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியைப் பற்றிக் கீழே எழுதுங்கள். எந்த வருட மாடல், கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா, காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறுகிறதா, சூடான பிறகா, ஏ.சி. போட்டால் மட்டுமா, மழை பெய்த மறுநாளா, பல நாள் நின்ற பிறகா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "வண்டி சரியில்ல டீச்சர்" என்று ஒரு வரி மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பதில் கிடையாது.