விரல்களின் வழியே ஓர் உறவு

2011 ஒக்டோபர் 5ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் காலமானபோது, அவரை ஒருநாளும் கண்டிராத இலட்சக்கணக்கானோர் உறவினர் ஒருவரை இழந்ததைப் போல் துக்கம் காத்தனர். அதனை மிகையென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஒருவரது சிந்தனையின் பயனை நாள்தோறும் கையில் ஏந்தி நடப்பவருக்கு அவர் அந்நியர் அல்லர். அவ்வாறு உரிமை கொண்டாட நமக்கும் ஒருவர் உண்டு என்பதைத் தமிழர்களில் எத்தனை பேர் அறிவர்?

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா அவர்களையே குறிப்பிடுகிறேன். இளவயதில் மலாயா சென்று, சிங்கப்பூரில் பணியாற்றியவர். தமிழுக்கொரு தட்டச்சுப்பொறி வேண்டுமென்று உழைத்தவர். 26 எழுத்துகளுக்கென உருவான கருவியில் 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்? கொம்பு, அரவு, விசிறி, புள்ளி என எழுத்துகளைப் பகுதிகளாகப் பிரித்தார். சில விசைகளை அழுத்தினால் தாள் நகராது; அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து விழும். ‘நகரா விசை’ எனப்படும் இந்த உபாயத்தால் ‘கி’யும் ‘க்’கும் ஈரடியில் பிறந்தன. அவர் வடிவமைத்த பொறிகள் ஜேர்மனியில் உற்பத்தியாகித் தமிழரைத் தேடி வந்தன.

என் தொழில் வாழ்வு அத்தகைய பொறியோடு தொடங்கியது. கணினிக்கு மாறி ஆண்டுகள் பல ஆகியும், மெய்யெழுத்துக்கு முன்பாகப் புள்ளியைத் தேடி என் விரல் போகிறது. முகம் அறியாத ஒருவரின் யோசனை என் விரலில் குடியிருக்கிறது.

ஆயினும், அவரது ஆக்கத்தின் முழுப் பெறுமதியை எனக்கு உணர்த்தியது வத்தேகம. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு அண்மையில் அமைந்த சிறு நகர் அது. செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், கடைத்தாழ்வாரமொன்றில் தமிழ்த் தட்டச்சுப்பொறியுடன் அமர்ந்திருந்த ஒருவரைக் காண்பேன். தோட்டத் தொழிலாளர் அவரிடம் மனு எழுத வருவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள். “ஐயா, எம்பேரு எங்க இருக்கு, காட்டுங்க” என்றார் ஒரு மூதாட்டி. காட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். எந்த இடாப்பிலும் இடம்பெறாத பெயர், தாளில் கறுப்பாகத் திருத்தமாக நின்றது. சுண்டிக்குளியில் பிறந்தவரின் உழைப்பு, மலையகத்து மூதாட்டிக்குப் பயன்பட்டது.

அத்தகைய மனுக்களுக்குச் சிங்களத்தில் பதில் வந்ததையும் கண்டிருக்கிறேன். நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வந்தது. தமிழும் அரசகரும மொழியென்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. இருந்தும், “தமிழில் அடிக்க ஆளில்லை, வசதியில்லை” என்னும் பதில் அலுவலகங்களில் இன்னும் ஓயவில்லை. வசதியில்லை என்னும் சாட்டை முத்தையா அன்றே தகர்த்துவிட்டார். இன்று கைத்தொலைபேசியிலும் தமிழ் இருக்கிறது. இல்லாதது மனம் மட்டுமே.

நம்மவரும் சளைத்தவரல்லர். தமிழ் விசைப்பலகையைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறோம். முத்தையாவுக்குச் சிலை வேண்டாம். அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுங்கள். தமிழிலேயே பதில் கேளுங்கள். வராவிடில் மீண்டும் எழுதுங்கள். அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.