அத்திப்பள்ளிக்கு இப்பால்

தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி ஓசூர்ப் பள்ளியில் பயின்று, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அன்று அந்தக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது 1916-இல்தான். ஓசூர்ப் பையனுக்கும் பெங்களூர்ப் பையனுக்கும் பல்கலைக்கழகம் ஒன்றே, அதன் வாசற்படியின் உயரமும் ஒன்றே. இன்று எல்லையோர ஜூஜூவாடியைக் கடந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் பிளஸ் டூ பி.யு.சி. ஆகிவிடுகிறது. அங்கே பொறியியல் தரவரிசைக்குப் பி.யு.சி. மதிப்பெண் பாதி, சி.இ.டி. நுழைவுத்தேர்வு பாதி. இப்பக்கம் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட் ஆஃப், நுழைவுத்தேர்வு கிடையாது. ஒரே வெயிலும் ஒரே மழையும் கண்டு வளரும் பிள்ளைகளை இரண்டு தராசுகள் நிறுக்கின்றன.

தராசுகள் மாறுவது நமக்குப் புதிதல்ல. நம் தாத்தாக்கள் எஸ்.எஸ்.எல்.சி. படித்த நாளில் ஜெனரல் மேத்ஸ் எடுத்தவர் சுலபமாகத் தேறினார். காம்போசிட் மேத்ஸோடு மல்லுக்கட்டியவர்தான் பி.யு.சி.யில் கணிதமும் அறிவியலும் கேட்க முடிந்தது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தை எடுத்துச்சொல்ல வீட்டில் யாரும் இல்லை. வாத்தியார் சொன்னதே முடிவு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் ‘எந்த குரூப்?’ என்பது ‘ஜெனரலா, காம்போசிட்டா?’ என்ற கேள்வியின் இடத்தைப் பிடித்தது. 1984-இல் நுழைவுத்தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்ற நெடிய வாதத்துக்குப் பின் 2007-இல் போனது. பத்தாண்டு கழித்து மருத்துவத்துக்கு நீட் வந்தது. ஒவ்வொரு முறையும் வாசல் எந்தப் பக்கம் நகர்ந்ததோ, அங்கே முதலில் போய் நின்றவை பணமும் தகவலும் உள்ள வீடுகளே.

எழுபதுகளில் சிப்காட்டும், தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் வந்தபின் ஓசூரில் பல மாநிலக் குடும்பங்கள் குடியேறின. ‘சி.பி.எஸ்.இ.யா, ஸ்டேட் போர்டா?’ என்ற கவலையும் கூடவே குடியேறியது. பொறியியல் கலந்தாய்வில் வாரியங்களைச் சமன்செய்ய ஒரு சூத்திரம் உண்டு. இயற்பியலில் மாநில வாரியத்தின் உச்சம் 100, மற்றதன் உச்சம் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.67 போடுவார்கள். உச்சியில் நிற்கும் ஒரே பிள்ளையை வைத்து ஒரு வாரியத்தின் கடினம் முழுவதையும் அளக்கும் துணிச்சல் வியக்கத்தக்கது. இரு பக்கமும் யாராவது 100 வாங்கிவிட்டால் சூத்திரத்துக்கு வேலையே இல்லை. தெலுங்கையோ கன்னடத்தையோ தாய்மொழியாகக் கொண்ட எல்லையோரப் பிள்ளைகள், தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கூடுதலாகச் சுமந்த தமிழ்ப் பாடத்துக்கோ அப்படியொரு சூத்திரம்கூட இல்லை. மொழி மதிப்பெண் கட் ஆஃபில் சேர்வதேயில்லை.

மாநில ரேங்குகள் கோலோச்சிய காலத்தில் ஊத்தங்கரை பக்கத்து விடுதிப் பள்ளிகளின் பெயர் தமிழகமெங்கும் தெரிந்திருந்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் உருப்போட வைக்கும் வழக்கம் அப்போது மாநிலம் முழுவதும் தனியார் பள்ளிகளில் பரவியிருந்தது. கல்லூரி கேட்காத மதிப்பெண்ணுக்கு யார் பாடம் நடத்துவார்கள்? 2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் டூ கணித வினாத்தாள் தேர்வறையிலிருந்தே வாட்ஸ்அப்பில் வெளியேறியபோது அந்த மதிப்பெண் பசி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தோம். 2017-இல் ரேங்க் அறிவிப்பு ஒழிந்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. மறுவருடமே அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கிடையாது என்றார்கள். 2025-இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் தோள் சற்று லேசானதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் வகையிடலும் தொகையிடலும் தொடங்குவது பிளஸ் ஒன் புத்தகத்தில். கைநிறையக் கட் ஆஃப் வைத்திருந்தும் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்த அண்ணன்களும் அக்காக்களும் சிப்காட் ஷிஃப்டுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வருடம் பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் சேர்க்கும் பெற்றோர், பள்ளியின் தேர்ச்சிப் பலகையைப் படிக்கும் முன் அவர்களில் ஒருவரிடம் பேசிவிட்டு வரலாம்.