கயிறு கட்டினோம் சரி, ஆளையும் பேச விடுங்கள்

நம் ஆலயத்துக்கு வந்து போகும் அன்பர்கள் எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

தொண்டூழியர்கள் நாங்கள் சேர்ந்து பேசித்தான் இதை எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறோம். யார் என்று தேடாதீர்கள்.

நம் அன்னதானக் குழுவில் ஒரு தம்பி. ஆம்புலன்ஸில் வேலை. போன வருஷம் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. அதில் ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கினார். பிள்ளை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. வேலை முடிந்து வந்தால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார். சொந்தப் பிள்ளை அழுதால் கத்துவார், அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கோவிலுக்கு வருவதும் நின்றுபோனது.

அவர் மனைவி யாரிடம் வந்தார்? எங்களிடம்தான் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, செருப்பு விடும் இடத்தில் நின்று அழுதார். நாங்கள் என்ன சொன்னோம்? "திருஷ்டிமா. ஒன்பது செவ்வாய் எலுமிச்சை விளக்கு போடு. கயிறு மந்திரிச்சுத் தரச் சொல்றோம்." அந்தத் தங்கச்சி ஒன்பது செவ்வாயும் தவறாமல் விளக்கு போட்டார். பத்தாவது வாரம், நம் ஆட்களில் ஒருவர் வாட்சாப்பில் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பர்காரர் போட்டோவை மட்டும் பார்த்து, செய்வினை என்று சொல்லி 800 வெள்ளி கேட்டார். கட்டிவிட்டார்கள். பணம் போனது. தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களில் ஒருவர், "வீடியோ காலில் கவுன்சலர் பார்க்கலாமே" என்றார். உடனே நம் ஆட்கள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். "ஆன்லைன்லயா? முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட வீட்டு விஷயத்தைச் சொல்றதா? நம்பலாமா?"

இந்தக் கேள்விதான் எங்களை எழுத வைத்தது. 800 வெள்ளி வாங்கினவரை யாராவது முன்பின் பார்த்தோமா? அவர் எங்கே படித்தார், எங்கே பதிந்தார் என்று கேட்டோமா? அதுவும் ஆன்லைன்தானே! ஏமாற்றுகிறவனிடம் போனில் பேசலாம், படித்தவரிடம் போனில் பேசக்கூடாதா?

நம் நாட்டில் கவுன்சலர் என்று போர்டு மாட்ட சட்டம் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டம், சட்டம் 580. லெம்பாகா கவுன்சலரில் பதிவு செய்யாமல் ஒருவர் கவுன்சலராகத் தொழில் செய்வது குற்றம். பதிவு எண் கேளுங்கள், சொல்லத்தான் வேண்டும். செய்வினை எடுப்பவரிடம் என்ன எண் கேட்பீர்கள்?

அடுத்து, "பைத்தியக்காரங்கதான் அங்க போவாங்க" என்ற பேச்சு. 2023-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்று தெரிந்தது. சுமார் பத்து லட்சம் பேர். 2019-ல் 2.3 விழுக்காடு. நாலே வருஷத்தில் இரண்டு மடங்கு. அதே 2023-ல்தான் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆவது பிரிவையும் நாடாளுமன்றம் நீக்கியது. அவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டமே மனம் மாறிவிட்டது. கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து "அவங்க வீட்ல ஏதோ பிரச்சனையாமே" என்று பேசும் நாம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். தைப்பூசத்துக்கு பத்துமலையில் 272 படி ஏறும்போது கீழே நிற்பது யார்? போலீஸ், பொம்பா, ஆம்புலன்ஸ். நாம் மயங்கி விழுந்தால் தூக்குவது அவர்கள். 2018 அக்டோபர் 3-ஆம் தேதி பூச்சோங்கில், குட்டையில் விழுந்த ஒரு பையனைத் தேடப் போன பொம்பாவின் முக்குளிப்பு வீரர்கள் ஆறு பேர் ஒரே இடத்தில் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங்காலி நிலச்சரிவில் 31 பேர். அந்த உடல்களை மண்ணிலிருந்து எடுத்ததும் மனிதர்கள்தான். அடுத்த நாள் அவர்களும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். நாம் ஒரு சாவு வீட்டுக்குப் போனாலே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். தினம் சாவைப் பார்க்கிறவர் மனதை எதைக் கொண்டு கழுவுவார்?

அவர்களுக்கு ஆன்லைன் ஏன் தோது? எங்களுக்கே இப்போதுதான் புரிந்தது. ஷிஃப்ட் மாறி மாறி வரும், கிளினிக் நேரத்துக்குப் போக முடியாது. துறையிலேயே கவுன்சலர் இருந்தாலும், "பைலில் ஏறிடுமோ, மேலதிகாரிக்குத் தெரிஞ்சிடுமோ" என்று பயம். சின்ன ஊரில் தமிழ் பேசும் கவுன்சலர் கிடைப்பது கஷ்டம். வீடியோவில் என்றால் வேறு மாநிலத்தில் இருப்பவரிடமும் தமிழிலேயே பேசலாம். மனைவியும் தனியாகப் பேசலாம். அவர்களும் சேர்ந்துதானே நொந்துபோகிறார்கள்!

"சாமியை நம்பாமல் மனுஷனை நம்பச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். நாங்கள் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள், தெரிந்ததைச் சொல்கிறோம். ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அதே மிஷின் மறுநாள் சத்தம் போட்டால், நிறுத்திவிட்டு டெக்னீஷனைக் கூப்பிடுகிறோம். கூப்பிட்டதால் சாமியை நம்பவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சத்தத்தோடு ஓட்டினால் யாரோ ஒருத்தர் கை போகும். இரும்புக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷனுக்கும் கொடுங்கள். விளக்கும் போடுங்கள், பேசவும் விடுங்கள்.

ஆன்லைன் எல்லாவற்றுக்கும் போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. உயிருக்கே ஆபத்து என்றால் 999, இல்லாவிட்டால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர்தான். கிளினிக் கெசிஹாத்தானில் நம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மனசு பாரமாக இருக்கிறது என்று அங்கேயும் தைரியமாகச் சொல்லலாம்.

ஆலய நிர்வாகத்திடமும் பக்தர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

1. உபயப் பட்டியல் ஒட்டும் பலகையில் இந்த எண்களையும் ஒட்டுங்கள். சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் 15555. பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இது 24 மணி நேரமும். குடும்பப் பிரச்சனைக்கு தாலியான் காசே 15999. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

2. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையை, வீட்டில் தனியாகப் பேச இடமில்லாதவர்களுக்குக் கொடுங்கள். ஒரு நாற்காலி, வைஃபை, உள்ளே தாழ்ப்பாள். யார் வந்தார் என்று யாரும் எழுதி வைக்கக் கூடாது.

3. பணம் கட்டுமுன் கவுன்சலரின் பதிவு எண்ணையும் கட்டணத்தையும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

4. செய்வினை, ஏவல் என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் எண்களை நம் வாட்சாப் குழுவில் இனிமேல் யாரும் பகிரக் கூடாது. பகிர்ந்தால், யாராக இருந்தாலும், நாங்கள் நீக்குவோம்.

அந்தத் தம்பி இப்போது வியாழக்கிழமை ராத்திரியில் பேசுகிறார். வீட்டில் பிள்ளை தூங்குவதால், அடுக்குமாடிக்குக் கீழே காரில் உட்கார்ந்து பேசுவாராம். ஐந்து முறை ஆகிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். இன்னும் சில ராத்திரி எழுந்து உட்காருகிறார். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வந்தார். யாரிடமும் அதிகம் பேசவில்லை. உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் நாங்கள் கட்டின கயிறு இன்னும் இருந்தது.

அந்தத் தங்கச்சியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். முதல் நாளே சரியான வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு இத்தனை மாதம் வீணாகியிருக்காது. உங்களிடமும் நாளைக்கு யாராவது செருப்பு விடும் இடத்தில் நின்று அழுவார்கள். எலுமிச்சைக்கு முன்னால் "யாரிடமாவது பேசினீங்களா?" என்று கேளுங்கள்.

ஓம் முருகா.
ஆலயத் தொண்டூழியர்கள்