எம்.காம். படிப்பும் பேகம்பூரின் அடக்கவிலையும்

தமிழகத்தின் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் திண்டுக்கல்லுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்டுவந்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சராசரியாக 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்த நீதிமன்றம், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கிணறுகள் கெட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலும் திண்டுக்கல்லின் பேகம்பூர்ப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த தோல் ஆலைகள் வருடா வருடம் கணக்கை முடித்து, லாபநஷ்டம் பார்த்து, வரியும் கட்டியிருக்கும். கூட்டலில் பிழை இருந்திருக்காது. ஆனால் 350 கிணறுகளின் விலை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. தோலின் அடக்கவிலை குறைவாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வணிகவியலில் முதுநிலைப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கிணறுகளிலிருந்துதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். பி.காம். முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. எம்.காம். படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும், அதற்குப் பதில் டேலி கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாமே, வங்கித் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் ஒரு பட்டம் போதுமே என்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டால், எம்.காம். கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் வேலைகள் குறைவு. ஆகவே அந்தப் படிப்பின் மதிப்பை எந்தத் தேர்வு எழுதத் தகுதி தருகிறது என்பதை வைத்து அளந்தால் அது தோற்றுத்தான் போகும். தொழிலின் உண்மையான செலவைக் கண்டுபிடித்து, அதை வைத்து முதலாளி முடிவெடுக்க உதவும் ஆளை உருவாக்குவதே அதன் வேலை. திண்டுக்கல் போன்ற ஊருக்கு அப்படிப்பட்ட ஆள் இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறார். நம் கல்லூரிகள் அந்த ஆளை உருவாக்கும் விதத்தில் பாடம் நடத்தவில்லை என்பதுதான் வருத்தம்.

பேகம்பூரின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கப்படுகிறது. பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. இடையில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, சதை நீக்கி, பதனிட்டு, காயவைத்து முடித்த பிறகுதான் எது முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று திட்டமாகத் தெரியவரும். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம்; எண்கள் என் கற்பனை. 1,000 தோல், ஒன்று 100 ரூபாய். பதனிடும் செலவு தோலுக்கு 150 ரூபாய். மொத்தம் 2,50,000. தோலுக்கு 4 சதுர அடி கிடைத்தால் 4,000 சதுர அடி. அடக்கவிலை அடிக்கு 62 ரூபாய் 50 காசு. முதல் தரம் 1,200 அடி 100 ரூபாய்க்கும், இரண்டாம் தரம் 2,000 அடி 65 ரூபாய்க்கும், மூன்றாம் தரம் 800 அடி 35 ரூபாய்க்கும் போகிறது. வரவு 2,78,000, லாபம் 28,000. மூன்றாம் தரத்தை அடக்கவிலைக்குக் கீழே விற்பதா என்று சரக்கைக் கிடங்கில் போட்டு வைப்பவர் உண்டு. அவர் பார்க்கும் 62.50 அந்த முடிவுக்கு உதவாத எண். மூன்று தரத்துக்கும் சேர்ந்து ஆன செலவு அது. விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்பி வராது. இன்னும் 15 ரூபாய் செலவிட்டு மேல்பூச்சு கொடுத்தால் அதே தோல் 55 ரூபாய்க்குப் போகுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. போகுமென்றால் அடிக்கு 5 ரூபாய் மிச்சம். 45 ரூபாய்க்குத்தான் போகும் என்றால் அப்படியே 35 ரூபாய்க்குத் தள்ளிவிடுவதே நல்லது. அடுத்ததாக, சரக்கு எடுத்தவர் மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறார் என்று வையுங்கள். போட்ட இரண்டரை லட்சத்துக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றாலும் 11,250 ரூபாய் போய்விடும். 28,000 என்று ஏட்டில் எழுதிய லாபம் 16,750 ஆகிவிட்டது. பக்ரீத் முடிந்து மண்டிக்குத் தோல் குவியும் நாட்களில் மலிவு என்று மொத்தமாக வாங்கிப் போடுபவருக்கு இந்த வட்டிக் கணக்கு இன்னும் நீளும்.

இதே தொழிலில் இன்னும் கடினமான கணக்கு ஒன்று உண்டு. கழிவுநீரைப் பல ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகின்றன. அதை நடத்தும் செலவை உறுப்பினர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது? பதனிட்ட தோலின் எண்ணிக்கையை வைத்துப் பங்கிட்டால், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஆலையும் வீணாக்கும் ஆலையும் ஒரே தொகை கட்டும். கழிவுநீரின் அளவை வைத்துப் பங்கிட்டால் தண்ணீரைக் குறைத்து, உப்பும் ரசாயனமும் அடர்ந்த கழிவை அனுப்புபவருக்குச் சாதகமாகும். உப்பின் செறிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் அளப்பதற்கே தனிச் செலவு ஆகும். பொதுச் செலவை எந்த அடிப்படையில் பங்கிடுவது என்பது அடக்கவிலைக் கணக்கியலில் அடிப்படைப் பாடம். அந்த அடிப்படை மாறினால் ஆலைக்காரரின் நடத்தை மாறும். நடத்தை மாறினால் ரெட்டியார்சத்திரத்தின் கிணறு பிழைக்கும். கணக்கைப் பிழையில்லாமல் எழுதுவதோடு நின்றுவிடும் படிப்புக்கும், எதைக் கணக்கில் சேர்ப்பது என்று யோசிக்கும் படிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. இளநிலைக்கு மேல் இரண்டு ஆண்டு செலவிடுவதற்கான காரணமும் இதுதான்.

இதற்கெல்லாம் எம்.காம். எதற்கு, ஆடிட்டர் இருக்கிறாரே என்பார்கள். சி.ஏ. கடினமான, மதிப்புமிக்க படிப்பு. முடியும் என்பவர் தாராளமாக அதற்குப் போகட்டும். பயிற்சிக் காலமும் இப்போது மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஆடிட்டரின் பணி வேறு. எழுதி முடித்த கணக்கு சரியா என்று பார்த்து அவர் கையெழுத்திடுகிறார். ஒரு கம்பெனியின் தணிக்கையாளரே அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் வேலையையும் செய்யக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு தடுக்கிறது. எந்தத் தரத்துத் தோலை எந்த விலைக்குத் தள்ளுவது, யாருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது என்ற முடிவுகள் தினமும் காலையில் எடுக்கப்படுபவை. செப்டம்பர் மாதம் வந்து ஏட்டைப் புரட்டுபவர் அவற்றுக்குப் பொறுப்பேற்க முடியாது. தொழிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேண்டும்.

கணக்கையெல்லாம் இனி கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருப்பதால் சற்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலையிலிருந்து பதிவு எழுதும் வேலை வேகமாக இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பில்லைப் படம் பிடித்தால் பதிவு தானே விழுகிற காலம் இது. ஆகவே பதிவு போடத் தெரியும் என்ற தகுதியை மட்டும் நம்பி வேலைக்குப் போகும் பி.காம். பட்டதாரிக்குத்தான் ஆபத்து. மூன்றாம் தரத் தோலுக்கு மேல்பூச்சு கொடுக்கலாமா என்ற கேள்வியை மென்பொருள் தானாக எழுப்பாது. கேட்கத் தெரிந்தவர் கேட்டால் அதற்கான எண்களை நொடியில் எடுத்துத் தரும். சட்டமும் நிலையாக நிற்பதில்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டிருக்கிறது. பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர் மறுபடி தொடங்க வேண்டும். பிரிவின் காரணம் புரிந்தவருக்கு அந்தச் சிரமம் குறைவு.

சிறு முதலாளி இப்படி ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பாரா? எல்லா மறுப்புகளிலும் இதைத்தான் கனமானது என்று கருதுகிறேன். திண்டுக்கல்லின் நாகல்நகரிலோ பேகம்பூரிலோ பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவரிடம் போய் எம்.காம். படித்தவரை அமர்த்துங்கள் என்றால், கூலி கொடுக்கவே திணறுகிறேன் என்பார். அவர் இழக்கும் பணத்தைக் காட்டித்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும்வரை செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு வாங்கியவரின் கையைக் கட்டியது. குறு, சிறு தொழில்களுக்கான தன் உத்யம் பதிவு எண்ணை விலைப்பட்டியலில் அச்சிட்டு, கெடு தேதியைக் குறித்துவைத்து, மார்ச் மாதத்துக்கு முன்பே வாங்கியவரின் கணக்கு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்ப ஆள் இருந்தால் சிறு தொழிலுக்கு வர வேண்டிய பணம் சீக்கிரம் வரும். பெரிய வாடிக்கையாளரைப் பகைக்க முடியாது என்ற பயம் உண்மையானது. எந்தக் கடிதத்தை யாருக்கு, எந்தத் தொனியில் எழுதுவது என்பதும் அந்த ஆளின் வேலையே. ஒரே ஆலைக்கு முழுச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றால் நான்கைந்து ஆலைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். கழிவுநீருக்காக ஒன்று சேர முடிந்தவர்கள் கணக்குக்காகவும் சேரலாம்.

எம்.பி.ஏ. மேல் அல்லவா என்றும் சிலர் கேட்பார்கள். பெரிய நிறுவனத்தில் பல துறைகளைத் தொட்டுப் பார்க்க விரும்புபவருக்கு அது சரி. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் முதலில் தேவைப்படுவது கணக்கில் ஆழம்.

சரி, படிப்பு அந்த ஆழத்தைத் தருகிறதா? அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் வினாவே எல்லா எண்களையும் கொடுத்துவிடுகிறது. மாணவர் சூத்திரத்தில் போட்டு விடை எழுதுகிறார். உண்மைத் தொழிலில் எண்ணைத் தேடி எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. பதனிடும் செலவு தோலுக்கு 150 ரூபாய் என்று எந்த ஆலையிலும் யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. கடைசிப் பருவத்தின் ஆய்வறிக்கையோ பல இடங்களில் ஐம்பது பேரிடம் வினாத்தாள் கொடுத்து, இருசக்கர வாகன வாடிக்கையாளரின் மனநிறைவைச் சதவீதத்தில் எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மாணவி ஒருவர் நான்கு மாதம் ஒரு தோல் ஆலையிலோ நூற்பாலையிலோ உட்கார்ந்து அடக்கவிலைத் தாள் தயாரித்தால் அவருக்கும் ஆலைக்கும் பயன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கும் இதே தேவை இருக்கிறது. ஒரு மாங்காய்ப் பூட்டுக்கு எத்தனை மணி நேரக் கைவேலை போகிறது, அதற்கு நியாயமான கூலி என்ன என்று கணக்கிட்டுச் சொல்லாமல் அலிகாரின் இயந்திரப் பூட்டோடு விலைப் போட்டியில் இறங்குவது தொழிலாளியின் வயிற்றில் கை வைப்பதில்தான் முடியும். கற்பதையும் தொழிலையும் பிரிக்காத வழக்கம் தமிழருக்குப் புதிதும் அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தாரின் கிட்டங்கிகள் என்ற வணிகக் கூடங்களில் பையன் பெட்டியடியில் தொடங்கி, அடுத்தாள், மேலாள் என்று ஏறினான். ஐந்தொகை எடுக்க அவன் கற்றது நடக்கும் வியாபாரத்தின் நடுவில்தான்.

வெளியூர் போக முடியாத பெண்களை நினைத்தால் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. திண்டுக்கல்லில் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது, ஜி.டி.என். கலைக் கல்லூரி இருக்கிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் கூட்டுறவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. சென்னைக்கோ கோவைக்கோ போனால்தான் வேலை என்று ஆகும்போது, வணிகவியல் படித்த பெண்களில் பலருடைய படிப்பு கல்யாணத்தோடு நின்றுபோகிறது. வேலை பேருந்து போகும் தூரத்தில், ஊரின் தொழிலுக்குள்ளேயே இருந்தால் அந்தப் படிப்பு வீணாகாது.

தன்னாட்சிக் கல்லூரிகளின் ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவிலும் தொழில்துறையைச் சேர்ந்த ஒருவருக்கு இடம் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. திண்டுக்கல் பகுதியில் வணிகவியல் நடத்தும் கல்லூரிகள் அந்த நாற்காலியைப் பேகம்பூரின் தோல் ஆலைக்காரர் ஒருவருக்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கைப் பார்ப்பவருக்கோ கொடுக்கட்டும். கடைசிப் பருவத்தின் வினாத்தாள் ஆய்வை நிறுத்திவிட்டு, ஊரின் ஒரு தொழிலுக்கு அடக்கவிலைத் தாள் தயாரிப்பதைக் கட்டாயமாக்கட்டும். ஆலைக்காரர்களும் தங்கள் ஏட்டைத் திறந்து காட்டத் தயங்கக் கூடாது. எம்.காம். சேரப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், நான்காவது பருவத்தில் எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவீர்கள் என்றும் கல்லூரியிடம் கேளுங்கள்.